தீபாவளி முதல் சஷ்டி வரை: சுகர், பி.பி., எடை மூன்றும் உள்ள வீட்டில் பலகாரக் கணக்கு

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று பிரச்சினை. அப்பாவுக்கு வயது 62, சுகர். காலையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை ஒன்று போடுகிறார். அம்மாவுக்கு பி.பி. கேதார கௌரி நோன்பையும் அடுத்து வரும் கந்த சஷ்டி விரதத்தையும் விடமாட்டார். நான் 168 செ.மீ. உயரத்துக்கு 84 கிலோ.

ஆயுத பூஜைப் பொரியில் ஆரம்பித்துக் கார்த்திகைப் பொரி உருண்டை வரை வாய் ஓயாது. அதனால் இப்போதே ஒரு திட்டம் போட்டிருக்கிறேன். இனிப்பு எல்லாம் வெல்லத்தில்தான். அப்பாவுக்கு மட்டும் கடையில் 'சுகர் ஃப்ரீ' டப்பா. தீபாவளிக்கு முதல் நாள் நான் முழுப் பட்டினி, மறுநாளிலிருந்து தினம் இரண்டு மணி நேரம் நடை. இதில் எது உருப்படியான யோசனை, எதை விட்டுவிடலாம்? பலகாரமே செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வீட்டில் எடுபடாது.

பதில் 1

சமையல் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். மருந்தைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும்.

முதலில் வெல்லம். 100 கிராம் சர்க்கரையில் 400 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு, வெல்லத்தில் ஏறக்குறைய 380. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. கருப்பட்டியும் அப்படித்தான். ருசிக்காகப் போடுங்கள், உடம்புக்கு நல்லது என்று நினைத்து ஒன்றுக்கு இரண்டாகச் சாப்பிட வேண்டாம்.

எந்தப் பலகாரம் யாருக்கு ஆகாது என்பதை அளவு போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும். மைசூர்பாகுக்குக் கடலை மாவு 100 கிராம், சர்க்கரை 200, நெய் 200 என்று வையுங்கள். மொத்தம் சுமார் 3,000 கலோரி. 20 கிராம் துண்டுகளாக 25 போட்டால் துண்டுக்கு 120 கலோரி, அதில் நெய் மட்டும் 8 கிராம். ஆனால் மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து 10 கிராம்தான்.

அதிரசம் இதற்கு நேர் எதிர். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம், 50 அதிரசம் வரும். ஒன்றுக்கு 160 கலோரி போல, மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து 30 கிராம். இரண்டரை, மூன்று இட்லி சாப்பிட்ட கணக்கு! ஆகவே சுகர் உள்ள அப்பாவுக்கு அதிரசம் மோசம், எடை குறைக்கப் பார்க்கும் உங்களுக்கு, ஒரே எடைக்குக் கலோரி அதிகம் என்பதால், மைசூர்பாகு மோசம். வீட்டில் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் பங்கு போடுகிறார்கள். "வெல்லம்தானே" என்று அப்பா தட்டில் அதிரசம் போய் உட்கார்ந்துவிடும். கடையில் வாங்கும் மைசூர்பாகு துண்டு 35, 40 கிராம் வரை இருக்கும், அதை ஒன்றாக எண்ணாதீர்கள்.

அடுத்து முறுக்கு. இது எண்ணெய் குடிப்பதும் குடிக்காததும் நம் கையில்தான் இருக்கிறது. அரிசி மாவு 4 கப்புக்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு அரை கப், வெண்ணெய் 2 மேசைக்கரண்டி. வெண்ணெய் இதற்கு மேல் போனால் முறுக்கு எண்ணெயில் உதிரும், உதிர்ந்த இடமெல்லாம் எண்ணெய் ஏறும். பொரிக்க எண்ணெய்க்கு 170 முதல் 180 டிகிரி சரியான சூடு. வெப்பமானி இல்லையென்றால் மாவில் ஒரு மிளகளவு கிள்ளிப் போடுங்கள். உள்ளே போய் உடனே மேலே வந்தால் சரி. அடியிலேயே தங்கினால் எண்ணெய் காயவில்லை. போட்டதும் கருகினால் அடுப்பைக் குறைக்க வேண்டும். சட்டி கொள்ளும் அளவுக்கு அடைத்துப் பிழிந்தாலும் சூடு இறங்கி அதே கதைதான்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. வேகும்போது மாவிலிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் எண்ணெய் அதிகம் உள்ளே போகாது. வெளியே எடுத்து ஆறும்போதுதான் மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளே இழுக்கும். சலசலப்பு அடங்கியதும் அரிகரண்டியில் அள்ளி, சட்டிக்கு மேலேயே 10, 15 விநாடி பிடித்து உதறுங்கள். பிறகு கண் உள்ள வடிதட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்க வையுங்கள். சுடச்சுட குவித்து வைத்தால் அடியில் இருப்பது மேலே இருப்பதன் எண்ணெயையும் சேர்த்துக் குடிக்கும். செய்தித்தாளில் கொட்டவே வேண்டாம், அச்சு மை ஒட்டும்.

எண்ணெய்: அகலச் சட்டியில் இரண்டு லிட்டர் ஊற்றாமல் குழிவான சின்னச் சட்டியில் முக்கால் லிட்டரில் முடியுங்கள். மிச்சம் குறையும், மிச்சத்தைத் திரும்பக் காய்ச்சும் ஆசையும் குறையும். மிஞ்சியதை ஆறியதும் வடிகட்டி மூடி வைத்து, இரண்டு மூன்று நாளில் தாளிக்கத் தீர்த்துவிடலாம். மறுபடி பொரிக்க வேண்டாம். கறுத்து, நுரைத்து, சீக்கிரம் புகைகிற எண்ணெயில் புது எண்ணெய் கலந்தால் அது புதுசாகிவிடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் கடைகளுக்கே 2018 ஜூலை முதல் வரம்பு வைத்திருக்கிறது: காய்ந்து காய்ந்து எண்ணெய் சிதைவதால் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. வீட்டில் அதை அளக்க முடியாது, கண்ணும் மூக்கும்தான் கருவி.

உப்பை அம்மாவுக்காகச் சொல்கிறேன். அரை கிலோ மாவுக்கு இரண்டு டீஸ்பூன், அதாவது 12 கிராம் போல உப்பு போட்டால் 100 கிராம் முறுக்கில் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. டிவி பார்த்துக்கொண்டே 100 கிராம் போவது தெரியாது. உப்பை ஒன்றேகால் டீஸ்பூனாகக் குறைத்து எள், ஓமம், சீரகம் தாராளமாகப் போடுங்கள், குறை தெரியாது. ஆப்ப சோடாவிலும் சோடியம் உண்டு, நல்ல மாவுக்கு அது தேவையும் இல்லை.

பதில் 2

அப்பாவின் மாத்திரைக்கு வருகிறேன். கேள்வியிலேயே அவசரமான விஷயம் அதுதான்.

தீபாவளி அன்று நாலரை மணிக்கு எழுந்து, எண்ணெய் தேய்த்து, குளித்து, லேகியம், சாமி படையல், புதுத் துணி, வெடி என்று போய் இட்லி தட்டுக்கு வர எட்டாகிவிடும். வழக்கமான நேரம் என்று ஆறரைக்கே மாத்திரையைப் போட்டுவிட்டால் கிளிமிபிரைட் சும்மா இருக்காது, சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். தாழ்சர்க்கரை வருவது இப்படித்தான். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல். "எண்ணெய் தேய்த்த அசதி, படுத்தால் சரியாகும்" என்று படுக்க வைப்பதுதான் ஆபத்து. அன்று மாத்திரை இட்லி தட்டோடு வரட்டும்.

குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ, அதாவது 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. கையெட்டும் தூரத்தில் மைசூர்பாகு இருக்கிறதே என்று அதைத் திணிக்காதீர்கள். நெய் சேர்ந்தது வயிற்றை விட்டு நகர நேரம் எடுக்கும், சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

இனிப்பு சாப்பிடப் போகிறோம் என்று மாத்திரையை இரண்டாகப் போடுவதும், மறந்ததை அடுத்த வேளையோடு சேர்த்துப் போடுவதும் வேண்டாம்.

தட்டில் வரிசை மாறினாலே ஏற்றம் தணியும். முதலில் காய் அல்லது சுண்டல், பிறகு கறி அல்லது முட்டை, அடுத்து இட்லி இரண்டு, கடைசியில் இனிப்பு ஒரு துண்டு. புரட்டாசி முழுக்கச் சைவமாக இருந்துவிட்டு அன்று கறிக்குழம்பு வரும் வீடுகளில் மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் ஒதுக்கினாலே போதும், கறியை விட வேண்டாம். இனிப்பு சாப்பாட்டோடு முடியட்டும். பதினொரு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொறித்தால் சர்க்கரை இறங்கவே நேரம் கிடைக்காது.

சோதனை செய்தால் முதல் வாய் எடுத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து. 180-க்குள் இருக்கப் பாருங்கள். ஒரு வேளை 220 வந்துவிட்டால் பயந்து அடுத்த வேளையைப் பட்டினி போடாதீர்கள், நடந்துவிட்டு வழக்கமான அளவில் சாப்பிட்டால் போதும். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை காட்டுவது சுமார் மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. ஒரே நாளில் அது கெட்டுவிடாது. ஒரு மாதம் டப்பாக்கள் தீரும்வரை தின்றால் கெடும்.

லேகியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் வயிற்று மந்தத்துக்கு நல்லதுதான். ஆனால் அதில் பெரும் பங்கு வெல்லமும் நெய்யும். கொட்டைப்பாக்கு அளவு மருந்து. எலுமிச்சை அளவு எடுத்தால் அதுவும் ஒரு இனிப்பு. அதிமதுரம் சேர்த்ததை வாரக்கணக்கில் தினமும் சாப்பிட்டால் பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும். அம்மாவுக்கு ஒன்றிரண்டு நாளோடு போதும்.

பதில் 3

உங்கள் எடைத் திட்டத்தில் இரண்டு பிழை.

பட்டினி: முதல் நாள் காலியாக இருந்த வயிறு மறுநாள் காலை முதல் டப்பாவைத் திறந்ததும் வட்டியோடு வசூலிக்கும். முதல் நாள் இரவு வழக்கம்போலச் சாப்பிட்டுப் படுங்கள்.

இரண்டு மணி நேர நடை: 84 கிலோ உள்ளவர் அரை மணி வேகமாக நடந்தால் 150, 170 கலோரி போகும். அதாவது ஒரு அதிரசம். தின்றதை நடந்து தீர்ப்பது நடக்காத காரியம். வாயில்தான் நிறுத்த வேண்டும். அதோடு சும்மா இருந்தவர் திடீரென்று இரண்டு மணி நேரம் நடந்தால் நான்காம் நாள் குதிகால் பிடித்துக்கொள்ளும், அப்புறம் இரண்டு வாரம் நடையே கிடையாது.

நடையின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று வேளையும் சாப்பிட்ட பதினைந்து நிமிடத்துக்குள் எழுந்து 15 நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பாராமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அப்பாவுக்கு இது நேரடி உதவி, நீங்களும் கூடவே நடக்கலாம். நிமிடத்துக்கு 100 காலடி வேகம் இருக்கட்டும், பேச முடியும், பாட முடியாது என்ற அளவு. ஒரு வேளைக்கு 1,500 காலடி, நாளைக்கு 45 நிமிடம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவு இதிலேயே நிறைந்துவிடும்.

ஐப்பசியில் மழை விடாது. அதற்காக நடையை விட வேண்டாம். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 12 காலடி என்றால் 125 முறை. போனில் பேசும்போது உட்காராதீர்கள், பண்டிகை வாழ்த்து அழைப்புகளிலேயே பாதி முடிந்துவிடும். மொட்டை மாடி ஈரமாக இருந்தால் பாசி வழுக்கும், பெரியவர்களை அனுப்ப வேண்டாம்.

தீபாவளி இரவும் மறுநாள் விடியலும் வெளியே ஓடவோ வேகமாக நடக்கவோ வேண்டாம். காற்று அசையாத விடியலில் வெடிப்புகை தரையோடு தங்கும், மூச்சிரைக்க நடந்தால் அத்தனையும் நுரையீரலுக்குள் போகும். தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதி காலை 6-7, இரவு 7-8 என்பது ஏட்டில் இருக்கிறது, தெரு எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே நடங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது 10 முறை, சுவரில் கை வைத்துத் தண்டால் 10, குதிகால் தூக்கி இறக்குவது 15. இது ஒரு சுற்று, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மூன்று சுற்று. நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும், சக்கரம் வைத்த நாற்காலி கூடாது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு எழக் கூடாது, பி.பி. குபுக்கென்று ஏறும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். நெஞ்சில் அழுத்தமோ தாடை, இடது கை வலியோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

மறுநாள் காலை எடை மெஷினில் ஏறாதீர்கள். ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டும். அது கொழுப்பு இல்லை. உப்பு பிடித்து வைத்த நீரும், தசையில் சேர்ந்த கிளைகோஜனும்தான் (உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை). ஒரு கிராம் கிளைகோஜன் மூன்று கிராம் அளவுக்கு நீரைக் கூட வைத்திருக்கும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள், அதுதான் உண்மைக் கணக்கு.

பதில் 4

'சுகர் ஃப்ரீ' டப்பாவை விட்டுவிட்டார்களே. அதில் சர்க்கரை மட்டும்தான் இல்லை. கோவா, நெய், மாவு எல்லாம் இருக்கும். பேரீச்சம்பழம், அத்திப்பழம் போட்டுச் செய்ததாக இருந்தால் சர்க்கரை பழத்தின் வழியாக உள்ளே வருகிறது. மால்டிடால், சார்பிடால் போன்ற மாற்று இனிப்பு போட்டிருந்தால் நாலைந்து துண்டிலேயே வயிறு கடமுடா என்று உருட்டி இளகிப் போகும். அப்பாவுக்கு அந்தப் பணத்தில் நல்ல மைசூர்பாகு கால் கிலோ வாங்கி ஒரு நாளைக்கு ஒரு துண்டு கொடுக்கலாம்.

பால் இனிப்புகள் வெளியே இரண்டு நாள் தாண்டாது. உதிரியாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று தட்டருகே எழுதி வைப்பது 2020 அக்டோபர் முதல் கட்டாயம். எழுதியில்லை என்றால் கேளுங்கள். வீட்டுக்கு வரும் டப்பாக்களை அன்றே பிரித்து, வேண்டியதைச் சின்ன சம்படத்தில் எடுத்துக்கொண்டு மீதியை அன்றே கொடுத்துவிடுங்கள். மேஜையில் திறந்து கிடக்கும் டப்பாவை வென்றவர் யாரும் கிடையாது.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. பட்டினி, சுகர் ஃப்ரீ இரண்டையும் எடுத்துவிட்டேன். அம்மா பற்றி இன்னும் இரண்டு சந்தேகம். நோன்புக்கு 21 அதிரசம் படைத்தே ஆக வேண்டும், படைத்ததை வீணாக்கவும் மாட்டார். சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் என்கிறார். பி.பி. மாத்திரையோடு சரியா?

பதில் 2

ஆறு நாளும் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டு லிட்டராவது. மாத்திரையை விரதத்துக்காக நிறுத்தக் கூடாது. அதில் நீர் பிரிக்கும் மருந்து இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். சாப்பாடும் உப்பும் குறைந்த நாளில் அது பி.பி.யை அதிகம் இறக்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கும். பானகம், ஜவ்வரிசிப் பாயசம், வாழைப்பழம் மூன்றும் விரதச் சாப்பாடு என்ற பெயரில் வரும் சர்க்கரையும் மாவும்தான். பாலோடு மோர், கொய்யா, ஊறவைத்த வேர்க்கடலை ஒரு பிடி சேர்த்தால் தாங்கும். வேர்க்கடலைக்கு அம்மா சம்மதிக்க வேண்டும்.

அப்பாவும் கூடவே விரதம் இருக்கிறேன் என்றால் டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள். கிளிமிபிரைடுக்குச் சொன்னது ஒரு பக்கம். டாபாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை போடுபவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் கூடலாம்.

பதில் 1

21 என்பது எண்ணிக்கை. அளவை யாரும் சொல்லவில்லை! கால் கிலோ அரிசி, 190 கிராம் வெல்லம் போதும். உருண்டையைச் சின்னதாகப் பிடித்து, பொரித்தபின் 20 கிராம் வருகிற மாதிரி தட்டினால் 25 வரும். 21 படையலுக்கு, மீதி பதம் பார்க்க. ஒன்றுக்கு 80 கலோரிதான்.

சின்னது சீக்கிரம் கருகும், அடுப்பு மிதமாக இருக்கட்டும். எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து நன்றாக அழுத்துங்கள், ஒவ்வொன்றும் கணிசமாக எண்ணெயைக் கக்கும். பாகு தண்ணீரில் விட்டால் கரையாமல் கையில் உருட்ட வர வேண்டும், அதுவும் மென்மையாக. பதம் இளசாக இருந்தால் எண்ணெயில் பிரிந்துபோகும், அப்போது மாவில் கொஞ்சம் ஈர அரிசி மாவைத் தூவிப் பிசையுங்கள். முற்றிவிட்டால் கல்லாகும், இரண்டு ஸ்பூன் காய்ச்சிய பால் தெளித்தால் இளகும். மாவை முதல் நாளே செய்து மூடி வையுங்கள், ஒரு நாள் ஊறினால்தான் தட்டும்போது விரிசல் விடாமல் வரும்.